கண்டுபிடிக்கும் நிரலா, காக்கும் பூட்டா?

மடிக்கணினியைப் பறிகொடுத்தவர்கள் காவல் நிலையத்துக்குச் சென்ற கையோடு வங்கிக்கும் வருவதுண்டு. குடுபல்லியிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குச் சென்று வரும் இளைஞர் ஒருவர் அவ்வாறு வந்தார். கணினியின் வரிசை எண்ணைக் கேட்டேன். "பில்லில் இருக்கிறது சார். அந்தப் பில்லின் படம் கணினிக்குள்தான் இருக்கிறது" என்றார். ஆதார் நகலும், உலாவியில் சேமித்த வங்கிக் கடவுச்சொல்லும் அதற்குள்ளேயே இருந்தன. அவர் கணினியின் விலையை எண்ணி வருந்தினார். நான் அவருடைய கணக்கை எண்ணி அஞ்சினேன்.

கைப்பேசி தொலைந்தால் வழி ஓரளவு தெளிவாக உள்ளது. 2023 மே மாதம் நாடு முழுவதற்கும் அறிமுகமான சஞ்சார் சாத்தி தளத்தில் பதிவு செய்தால், ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் கொண்டு அக்கருவியை எல்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களும் முடக்கும். சிம் அட்டை பொருத்த முடியாத மடிக்கணினிக்கு அந்த எண் கிடையாது. எனவே, தேடும் ஏற்பாட்டை உரிமையாளரே முன்கூட்டிச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

கணினி அறிந்தோர் இதற்கெனச் சிறு நிரல் ஒன்றை எழுதி வைக்கின்றனர். இணையம் கிடைத்தவுடன் அது கணினியின் ஐ.பி. முகவரியையும், அருகிலுள்ள வைஃபை இணைப்புகளின் பெயர்களையும் உரிமையாளருக்கு அனுப்பிவிடும். சில மென்பொருள்கள் பயன்படுத்துபவரைப் படமும் எடுக்கும். 2011இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் களவுபோன ஒரு மடிக்கணினி, இத்தகைய மென்பொருள் எடுத்தனுப்பிய படங்களின் உதவியால்தான் மீட்கப்பட்டது. ஆயினும், மார்ச் மாதம் களவுபோன அது மே மாத இறுதியில்தான், அப்படங்கள் இணையத்தில் பரவிய பின்னரே, காவல்துறையின் கைக்கு வந்தது.

நிரல் ஒரு சாட்சி மட்டுமே. ஐ.பி. முகவரி என்பது வீட்டு முகவரி அன்று. ஒரே முகவரியைப் பலர் பகிர்வதும் உண்டு. குறிப்பிட்ட நேரத்தில் அதைப் பயன்படுத்தியவர் யார் என்பதை இணைய நிறுவனமே அறியும். அதனிடம் கேட்டுப் பெறும் அதிகாரம் காவல்துறைக்கே உண்டு. தடம் கிடைத்ததென்று தனியே தேடிச் செல்வது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

இதில் ஒரு முரணும் உண்டு. கணினி பூட்டப்பட்டிருந்தால் திருடியவரால் உள்ளே நுழைய இயலாது. பயனர் நுழைந்த பிறகே இயங்கும் நிரலும் உறங்கிக் கிடக்கும். திறந்திருந்தால் நிரல் இயங்கும். நம் ஆவணங்களும் அவர் கைக்குப் போகும். வட்டை அழித்துவிட்டாலோ நிரலும் சேர்ந்தே அழியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமெனில், பூட்டையே தேர்ந்தெடுங்கள் என்பேன். கணினியை மீண்டும் வாங்கலாம். கணக்கிலிருந்து போன பணத்தை மீட்பது அத்தனை எளிதன்று. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேரும் இழப்பை, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை வகுத்தது. உலாவியில் கடவுச்சொல்லைச் சேமித்துவிட்டுக் கணினியைப் பூட்டாமல் வைப்பது எத்தகைய கவனம் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

தேடும் ஏற்பாடு வேண்டாம் என்பதன்று என் கருத்து. பூட்டுக்குப் பின்னரே அது வரவேண்டும். வலுவான கடவுச்சொல்லும் வட்டு முழுவதற்குமான மறையாக்கமும் முதலில் அமையட்டும். அதன்பின் விண்டோஸ், ஆப்பிள் கணினிகளிலேயே உள்ள தேடும் வசதியை இயக்கி வையுங்கள். களவுபோன பிறகு அதை இயக்க இயலாது. பில்லையும் வரிசை எண்ணையும் கணினிக்கு வெளியே, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

களவு நேர்ந்துவிட்டால் முதலில் வங்கிக்குத் தெரிவித்து, வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். காவல் நிலையத்தில் வரிசை எண்ணோடு புகார் அளியுங்கள். எல்லை எதுவாயினும் புகாரைப் பதிவு செய்ய இன்றைய சட்டம் இடமளிக்கிறது.

அந்த இளைஞரின் இணையவழிக் கணக்கை அன்றே முடக்கினோம், பணம் தப்பியது. கணினி இன்னும் கிடைக்கவில்லை. புதிய கணினி வாங்கியதும் அதன் வரிசை எண்ணைத் தம் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து காட்டினார்.