எந்தப் பிறமொழியை எடுப்பது?

தரம் 9 முடிகிற காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் வரும். தரம் 10 இல் எந்தத் தொகுதிப் பாடங்களைப் படிப்பது என்று பிள்ளை குறித்து, பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் கட்டாயம். மிகுதி மூன்றையும் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரிவு செய்ய வேண்டும். இம்முறை என் தங்கைக்காக அந்தப் படிவம் எங்கள் வீட்டுக்கு வந்தது. முதலாம் தொகுதியிலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

பிறமொழிகள் இருப்பது அந்தத் தொகுதியில்தான். அரபு, பிரெஞ்சு, ஜேர்மன், ஹிந்தி, ஜப்பான், கொரியன், சீனம், ரஷ்யன் என்று பரீட்சைக்குரிய பட்டியல் நீளமானது. ஆனால் பட்டியலில் ஒரு பாடம் இருப்பது வேறு, அதைக் கற்பிக்க ஓர் ஆசிரியர் ஊரில் இருப்பது வேறு. பிரெஞ்சும் ஜேர்மனும் கொழும்பிலோ கண்டியிலோ இருப்பவர்களுக்குக் கைக்கெட்டும் மொழிகள். எங்களைப் போன்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு அவை பெரும்பாலும் பட்டியலிலேயே நின்றுவிடுகின்றன.

தங்கைக்கு ஆசை கொரிய மொழியில். "ஸ்கூல்ல இல்லாட்டி வெளிய கிளாஸுக்குப் போறேன்" என்றாள். காரணம் நாடகங்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவளுடைய ஆசையைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கொரிய எழுத்து 1446 இல் செஜோங் மன்னர், சாதாரண மக்களும் இலகுவாகப் படிக்க வேண்டும் என்று வெளியிட்டது. அடிப்படை எழுத்துக்கள் 24 மட்டுமே. வாக்கியமும் எமது தமிழைப் போலவே வினைச்சொல்லில் முடியும். (தகப்பனை அவர்களும் 'அப்பா' என்றுதான் அழைக்கிறார்கள். இதை அவள் ஒரு நாளைக்கு நான்கு தடவை சொல்கிறாள்.)

ஆனால் பயன் என்று வரும்போது, யாருக்குப் பயன் என்றும் கேட்க வேண்டும். கொரிய மொழிப் பரீட்சை எழுதி வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகப் போகிறவர்கள் தொழிற்சாலை, கட்டட வேலை, மீன்பிடி, விவசாயம் ஆகியவற்றுக்கே போகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். ஜப்பான் சற்று வேறு. 2019 இல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் பெண்களும் போகலாம். அதற்கு மொழித் தேர்ச்சி கட்டாயம். ஹிரகானா 46, கதகானா 46 எழுத்துக்களை ஒரு மாதத்தில் பிடித்துவிடலாம் என்றாலும், அன்றாடப் பாவனைக்கென்று வகுக்கப்பட்ட கஞ்சி எழுத்துக்கள் 2136. அந்த நாட்டுக்குப் போவது என்று முடிவு செய்தவருக்கு அந்த உழைப்பு வீண்போகாது. பதினான்கு வயதில் அந்த முடிவை எடுத்திருப்பவர் எத்தனை பேர்?

என்னுடைய கருத்து அரபு. மார்க்கத்தின் மொழி என்பதால் மட்டும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் என் சாச்சியின் ஒரு கடதாசி.

சாச்சி குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்தவர். அரபியில் சண்டை பிடிக்கவும் சமாதானம் பேசவும் அவரால் முடியும். ஊருக்குத் திரும்பும் நேரம் வேலை செய்த வீட்டில் ஒரு கடதாசியைக் கொடுத்துக் கையொப்பம் வாங்கினார்கள். அதன் பிரதியொன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். நான் குர்ஆனை இரண்டாம் தடவை ஓதி முடித்திருந்த சமயம், அதை என்னிடம் நீட்டி வாசிக்கச் சொன்னார். என்னால் ஒரு வரியைக்கூட வாசிக்க முடியவில்லை. குர்ஆனில் ஒவ்வொரு எழுத்துக்கும் எப்படி ஒலிப்பது என்று காட்டும் ஹரகத் குறிகள் உண்டு. பத்திரிகையிலும் ஒப்பந்தத்திலும் அவை இருப்பதில்லை. சொல் தெரிந்தவரால்தான் அவற்றை வாசிக்க முடியும்.

"ரெண்டு தரம் ஓதி முடிச்ச புள்ள, இத வாசிக்கத் தெரியாதா?" என்றார் சாச்சி. எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு ஊர் மௌலவி ஒருவர் வாசித்துச் சொன்னார். சம்பளம் முழுவதையும் பெற்றுக்கொண்டேன், இனி எதுவும் வர வேண்டியதில்லை என்று அதில் எழுதியிருந்ததாம். சாச்சிக்கு மூன்று மாதச் சம்பளம் வரவேயில்லை.

பேசத் தெரிந்தவருக்கு அந்த எழுத்து விளங்கவில்லை, எழுத்துத் தெரிந்த எனக்குச் சொல் விளங்கவில்லை. சாச்சியின் அரபு வளைகுடாப் பேச்சு. அங்கே 'எனக்கு வேண்டும்' என்பதற்கு 'அபி' என்பார்கள், எழுத்தில் அது 'உரீது'. 'இப்போது' அங்கே 'அல்ஹீன்', எழுத்தில் 'அல்ஆன்'. பாடசாலையில் படிக்க வேண்டியது இந்த எழுத்து மொழியைத்தான். பேச்சு அங்கே போனால் காதில் தானாக விழும், ஒப்பந்தத்தை வாசிப்பது அப்படி வராது.

தமிழில் நாங்கள் இரண்டு வினைச்சொற்களை வைத்திருக்கிறோம். மற்ற எல்லாவற்றையும் 'வாசிக்கிறோம்', அரபை மட்டும் 'ஓதுகிறோம்'. ஓதுவதற்கு நன்மை உண்டு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆறு, ஏழு வயதிலேயே எழுத்தும் உச்சரிப்பும் கைவந்த ஒரு மொழியில் பொருள் மட்டும் பாக்கி நிற்கிறது. 'பாக்கி' என்பதே அரபுச் சொல். இல்ம், ஆலிம், முஅல்லிம், தஃலீம் என்று அன்றாடம் சொல்கிறோமே, அத்தனையும் ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துக்களில் பிறந்தவை. அந்த வழியைக் காட்டிக்கொடுத்தால் ஒரு வருடத்தில் எவ்வளவோ விளங்கும். வேறு எந்தப் பிறமொழியிலும் எமது பிள்ளைகள் பாதி வழி வந்து நிற்பதில்லை. அரபு ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளில் ஒன்று. வீட்டு வேலைக்குப் போகவேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. தாதியாக, கணக்காளராக, மொழிபெயர்ப்பாளராகப் போகலாம். போகாமல் இங்கிருந்தே, போகிறவரின் ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லவும் ஆள் வேண்டும்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்தபோது வாப்பா ஒரு கேள்வி கேட்டார். "சாச்சி குவைத்துல வாசிக்காம சைன் வெச்சா. நான் இங்கயே எத்தன சிங்களக் கடதாசியில வாசிக்காம சைன் வெச்சிருக்கன் தெரியுமா?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. 1987 இன் 13 ஆம் திருத்தத்துடன் தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் நடைமுறையில் எமது கைக்கு வருகிற கடதாசிகள் பல சிங்களத்தில்தான் இருக்கின்றன. தரம் 9 வரை படிக்கிற இரண்டாம் மொழிச் சிங்களமும் அதே முதலாம் தொகுதியில்தான் இருக்கிறது. அரபை எடுத்தால் சிங்களம் இல்லை, சிங்களத்தை எடுத்தால் அரபு இல்லை, வணிகக் கல்வியை எடுத்தால் இரண்டும் இல்லை. பக்கத்து ஊரின் மொழியைப் பிரெஞ்சோடும் ரஷ்யனோடும் ஒரே பெட்டிக்குள் போட்டது யாருடைய யோசனையோ! சிங்களம் பிறமொழி அல்ல. அதற்குத் தொகுதிக்கு வெளியே ஓர் இடம் வேண்டும். பாடத்திட்டத்தில் அது வரும்வரை, பாடசாலை விட்டபின் வாரத்தில் இரண்டு மணித்தியாலமாவது ஒரு சிங்கள வகுப்பை எமது கல்லூரியிலேயே நடத்தலாம். பெற்றோர் சேர்ந்து கேட்டால் அதிபர் மறுக்கமாட்டார் என்றே நினைக்கிறேன்.

தங்கை அரபுக்கு நேரே அடையாளமிட்டாள். வாப்பா படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துவிட்டுக் கையொப்பம் வைத்தார். கொரியன் வகுப்புப் பற்றிய பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை.