தலைமுடிக்கு நனோ மருந்து. தலைக்கயிற்றுக்கு என்ன மருந்து?

முடி உதிர்வுக்கான மருந்தை நனோ துகள்களில் ஏற்றித் தோலினூடாகச் செலுத்தும் ஆய்வுகள் உலகின் பல நாடுகளில் முன்னெடுக்கப்படுகின்றன. இவை பலருக்கும் நம்பிக்கையளிப்பவை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், இதனால் யாருடைய தலைக்குத் தீர்வு கிட்டும் என்பதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டியுள்ளது.

தோலின் மேலடுக்கு வெளிப்பொருட்களை எளிதில் உள்ளே அனுமதிக்காத ஓர் அரணாகும். ஆதலால் தலையிற் பூசப்படும் மருந்தின் பெரும்பகுதி மேற்பரப்பிலேயே வீணாகின்றது. ஆனால் மயிர்க்குழிகள் அவ்வரணின் வாயில்கள் போன்றவை. நனோ துகள்கள் அக்குழிகளுக்குள் ஆழமாகச் சென்று 10 நாட்கள் வரை தங்கக்கூடியவை என்பதை ஜேர்மனியின் பெர்லின் நகரிலுள்ள சாரிட்டே பல்கலைக்கழக வைத்தியசாலை ஆய்வாளர்கள் 2007ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். முதலில் உயர் குருதியமுக்கத்திற்கு வழங்கப்பட்டு, 1988ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முடி உதிர்வுக்குப் பூசும் மருந்தாக அங்கீகாரம் பெற்ற மினொக்ஸிடிலை இவ்வழியில் செலுத்தும் முயற்சிகளும் நடைபெறுகின்றன. இத்தகைய ஆய்வுகளிற் பல இன்னமும் ஆய்வுகூடத்தையும் விலங்குப் பரிசோதனையையும் தாண்டவில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நனோ துகள் வெறும் வாகனமே. முடி உதிர்வதற்கான காரணத்தை அது கண்டறிந்து சொல்லாது.

கந்தப்பளை போன்ற தோட்டப் பகுதிகளில் கொழுந்துக் கூடையின் கயிறு பெண்களின் தலையிலேயே பாரமாகத் தொங்குகின்றது. ஓரிடத்தில் ஆண்டுக்கணக்காகத் தொடரும் இழுவை மயிர்க்கால்களை நிரந்தரமாகச் சிதைத்துவிடும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. இரத்தச்சோகையும் தோட்டப் பெண்களை நெடுங்காலமாக வாட்டி வருகின்றது. இரும்புச்சத்துக் குறைபாடு, தைரொயிட் கோளாறு, மகப்பேறு ஆகியனவும் முடி உதிர்வுக்குக் காரணமாகலாம். அழிந்துபோன மயிர்க்காலுக்கு எந்தத் துகளும் உயிரூட்டாது. குருதியிலுள்ள குறையைத் தலையிற் பூசும் மருந்து நிரப்பாது.

எனினும், உண்மைக் காரணத்தை அறிய நகர வைத்தியசாலைக்குச் செல்லும் பெண் ஒருநாள் பேரை இழக்க நேரிடுகின்றது. அதனால் கடையில் விற்கும் எண்ணெய்ப் போத்தலே அவருக்கு வைத்தியராகிவிடுகின்றது. ‘நனோ’ என்ற சொல்லும் நாளை அப்போத்தல்களில் ஒட்டப்படலாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை, நோய் தீர்ப்பதாகக் கூறும் இத்தகைய பொருட்கள் மீது விழிப்பாக இருத்தல் அவசியம்.

அதேவேளை, குருதிப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரைகளும் தோட்ட மருந்தகத்திலேயே கிடைக்க வேண்டும். கூடையின் பாரத்தைத் தலையிலிருந்து தோளுக்கு மாற்றுவதற்குத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். இதற்கு எந்தவொரு நனோ தொழில்நுட்பமும் தேவையில்லை. மனமிருந்தாற் போதும்.