புயல் நாளில் பக்கத்து வீட்டு மின்சாரம்

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் சென்னையின் வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருக்கள் நாள்கணக்கில் இருண்டு கிடந்தன. இதுபோன்ற நாள்களில், ஜெனரேட்டர் உள்ள வீட்டிலிருந்து மதிலைத் தாண்டி ஒரு வயர் வந்தால்தான் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிறது. முதியவரின் இன்சுலின் கெடாமல் இருக்கிறது. அக்கம்பக்கத்தாரின் இந்த உதவிக்கு அரசு முறையான வழி வகுக்க வேண்டும். கண்டும் காணாமல் விடுவது உயிருக்கே ஆபத்து.

இருபுறமும் பிளக் மாட்டிய வயரை வீட்டு பிளக் பாயின்ட்டில் செருகி, வீடு முழுவதற்கும் கரண்ட் ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க மறந்தால் அந்த மின்சாரம் மீட்டரைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போய்விடும். 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தரும் மின்மாற்றி, பின்பக்கமாக வரும் 230 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தவும் செய்யும். லைனில் சப்ளை இல்லை என்று நம்பி மழையில் கம்பம் ஏறிய ஊழியரின் உயிர் அங்கேயே போகலாம். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று இருந்தால் இந்த விபத்து நேராது. மின்சாரம் பெறும் வீட்டிலும் அது கட்டாயம் இருக்க வேண்டும்.

கூரையில் சோலார் வைத்திருப்பவர்களாலும் இன்று உதவ முடிவதில்லை. பேட்டரி இல்லாத சாதாரண சோலார் இணைப்பு, தெருவில் கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் இருப்பவரைக் காக்கவே அந்த ஏற்பாடு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், 3 கிலோவாட் இணைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தரும் மத்திய அரசு, பேட்டரிக்கும் ஒரு பங்கு தந்தால் வெயில் திரும்பியதும் ஒரு தெருவின் அவசரத் தேவையாவது நிறைவேறும்.

சட்டச் சிக்கலும் உண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 12ஆவது பிரிவின்படி, உரிமம் இல்லாமல் மின்சாரம் விநியோகிப்பதைத் தடுக்கிறது. டீசல் செலவைப் பகிர்ந்துகொண்டு பக்கத்துக் குடியிருப்புக்கு லைன் கொடுக்கும் குடியிருப்போர் சங்கம், வம்பு எதற்கு என்று தயங்குவது இயல்பே. அதே சட்டத்தின் 13ஆவது பிரிவிலேயே இதற்கு விடை இருக்கிறது. மாநில அரசு பரிந்துரைத்தால், ஊராட்சிகளுக்கும் பயனாளர் சங்கங்களுக்கும் நிபந்தனையோடு, குறிப்பிட்ட காலத்துக்கு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விலக்கு அளிக்கலாம்.

பேரிடர் அறிவிக்கப்பட்ட நாள்களுக்கு மட்டும் அந்த விலக்கைத் தரலாம். எரிபொருள் செலவுக்கு மேல் பணம் வாங்கக் கூடாது. உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் இணைப்பைச் சோதித்திருக்க வேண்டும். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு லைன் போகிறது என்பது மின்வாரியப் பிரிவு அலுவலகப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் எந்த ஊழியரையும் கம்பத்தில் ஏற்றக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் தமிழக அரசு பரிந்துரையை அனுப்பட்டும்; ஆணையம் அறிவிக்கை வெளியிடட்டும்.