இல்லிக்குடமும் உளவியலாளரும்

கல்லூரிகள் யூபிலி மலர் வெளியிடுங்காலத்துப் பழைய அதிபர்களின் பெருமையும், விளையாட்டு வெற்றிகளும், எழுப்பப்பட்ட கட்டடங்களும் பேசப்படுதல் மரபு. அம்மரபை யாம் குறை கூறேம். ஆயினும், நம் கல்லூரியிற் பயின்று பல நாடுகளிலும் பரந்து வாழும் பழைய மாணவர் ஒருங்கே படிக்கும் ஏடு இஃதொன்றே ஆதலின், அக்கட்டடங்களுள் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் உள்ளம் பற்றிச் சில சொற் கூற இவ்விடத்தைப் பயன்படுத்துகின்றோம். எம் கருத்துச் சுருக்கமானது. ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையுள்ள தீவகப் பாடசாலைகளுக்குச் சுற்றிவந்து பணிபுரியும் ஓர் உளவியலாளர் வேண்டும். முன்னரே பாடச்சுமை மிக்க ஓர் ஆசிரியரின் தலையில் அப்பணியையும் ஏற்றிவிட்டு நிறைவடைதல் போதாது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். வேலை உண்டு. மாணாக்கரை வகைப்படுத்தும் முயற்சியில் நம்மவர் பின்னின்றவரல்லர். பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, அன்னமும் பசுவும் தலையென்றும், மண்ணும் கிளியும் இடையென்றும், இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவை கடையென்றும் உவமித்தார். இல்லி என்பது துளை. ஊற்ற ஊற்ற ஒழுகிப் போகும் ஓட்டைக் குடம் போல்பவன் கடைமாணாக்கன். ஓரிடத்தே நின்று மேயாது இங்கொரு தழையும் அங்கொரு தழையுமாகக் கடிக்கும் ஆடு போல்பவனும் அவ்வாறே. இவ்வுவமைகளின் கூர்மையை இன்றைய வகுப்பறையிலும் நாள்தோறும் காண்கின்றோம். பவணந்தியார் பிழைத்தார் என்பது எம் கருத்தன்று. மாணாக்கனின் கொள்ளும் ஆற்றலை ஆய்ந்து அதற்கிசையக் கற்பிக்கும் கடமையையும் அந்நூலே ஆசிரியனுக்கு விதித்துள்ளது. ஆனால் நாம் செய்தது யாது? உவமையை மனப்பாடம் செய்தோம், கடமையை மறந்தோம். குடம் ஒழுகுகின்றது என்று கண்டவுடன் அதனைக் கடைசி வாங்கில் வைத்துவிட்டோம். துளை எங்கே உள்ளது, அது குயவன் கையில் நேர்ந்ததா, பின்னர் எவரோ எறிந்த கல்லால் நேர்ந்ததா, அடைக்கத் தகுமா என்று வினவினோமில்லை. அவ்வினாக்களை வினவுதற்கென்றே பயின்றவர் தாம் பாடசாலை உளவியலாளர்.

இத்துறை தோன்றிய வரலாறும் ஓர் ஆசிரியையிடமிருந்தே தொடங்குகின்றது. 1896ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இலைற்னர் விற்மர் என்னும் பேராசிரியரிடம் பாடசாலை ஆசிரியை ஒருவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துச் சென்றார். ஏனையவற்றில் அறிவுடையவனாகிய அவனுக்கு எழுத்துக்கூட்டி எழுதல் மட்டும் கைவரவில்லை. நம்மூரிலாயின் 'கவனமில்லாதவன்' என்ற ஒரு சொல்லோடு வழக்கு முடிந்திருக்கும். விற்மர் அவனை ஆராய்ந்து, கண்பார்வைக் குறைபாடும் ஒரு காரணமெனக் கண்டு, கண்ணாடி அணிவிக்கச் செய்து, அதன்மேற் பயிற்சி அளித்தார். உலகின் முதல் உளவியற் சிகிச்சைக் கூடம் எனப்படுவது அவ்வாண்டில் அங்ஙனம் பிறந்தது. 1913இல் இலண்டன் மாநகரக் கல்வியை நடத்திய சபை சிறில் பேட் என்பவரைப் பாடசாலைகளுக்கான உளவியலாளராக அமர்த்திற்று. அவருடைய பிற்கால ஆய்வுகள் சில பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. எனினும் அந்நியமனத்தில் நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. அத்துணைப் பெரிய நகருக்கு முதலில் அமர்த்தப்பட்டவர் ஒருவரே. அவரும் அரைநேர ஊழியரே. ஒருவரைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பார்க்கு அதனை நினைவூட்டுகின்றோம்.

இனி, நம் குடங்களை உடைத்த கல் யாதெனப் பார்ப்போம். 1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் நிகழ்ந்ததைத் தீவக மக்களுக்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. 1990 ஆகத்தில் தீவகம் படையினர் வசமானபோது மக்கள் வீடும் வளவும் விட்டு வலிகாமத்துக்கு ஓடினர். 1995 ஒற்றோபரில் அங்கிருந்தும் பெயர்ந்தனர். வடகிழக்கில் போர் தீண்டிய பிள்ளைகள் 420 பேரைச் செருமனி நாட்டு அறிஞர் தோமசு எல்பேர்ட்டும் தோழரும் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, எறிகணை, உற்றார் சாவு முதலிய கொடிய அனுபவத்துக்கு ஆளானவர் என்றும், நூற்றுக்கு 25 பேர் மனவடு நோயின் குறிகள் உடையவர் என்றும் கண்டனர். அப்பிள்ளைகளின் நினைவாற்றலும் பாடசாலைத் தேர்ச்சியும் தாக்கமுற்றிருந்தமையும் அவ்வாய்விற் புலனாயிற்று. ஊற்றியது ஒழுகிப்போன காரணம் இதுவன்றோ! இதில் எம் நெஞ்சைக் கவர்ந்த பிறிதொரு செய்தியும் உண்டு. அப்பிள்ளைகளிடம் வினாக்களை வினவியவர் வெளிநாட்டாரல்லர். உளவளத்துணைப் பயிற்சி பெற்ற நம்மூர் ஆசிரியர்களே. வல்லுநர் பின்னின்று நெறிப்படுத்துமிடத்து ஆசிரியராற் செய்யத்தக்கது எவ்வளவு என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டா.

இன்று வகுப்புகளில் இருப்போர் பெரும்பாலும் போர் முடிந்த 2009இன் பின் பிறந்தோர். ஆதலின் அக்கதை முடிந்தது என்பாருளர். முடிந்திலது. பெற்றோர் பேசாத பேச்சு பிள்ளையின் உள்ளத்தே வேறு வடிவிற் புகுகின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், வடக்கின் காயம் தனியாள் காயம் மட்டுமன்று, குடும்பத்தையும் ஊரையும் ஒருங்கே சிதைத்த கூட்டுக் காயம் என்று காட்டினார். அதற்குமேல் இக்காலத்துக்கே உரிய துயரங்களும் உள்ளன. தந்தை கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்க, தாய் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிசெய்ய, பாட்டியுடன் வளரும் பிள்ளையின் கண் கரும்பலகையிலா நிற்கும்? ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்ததனால் பத்து வயதிலேயே 'உதவாதவன்' எனப் பெயர் பெற்ற பிள்ளையும், விடியுமுன் துறைக்குச் சென்று தந்தையின் வலையினின்று மீன் கழற்றிவிட்டு வந்து மூன்றாம் பாடவேளையிற் கண் சோரும் பிள்ளையும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். இருவர்க்கும் நாம் அளிக்கும் மருந்து ஒன்றே: அதட்டல். பிரம்பு 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையால் விலக்கப்பட்டது, நாவு விலக்கப்படவில்லை.

இவற்றுக்கென உளவளத்துணை ஆசிரியர் உளரே எனலாம். உளர், அவர்களின் தொண்டினை யாம் நன்கறிவோம். அவர் தமிழும் வரலாறும் கற்பித்து, வராத ஆசிரியரின் வகுப்பையும் பார்த்து, எஞ்சிய பொழுதில் பிள்ளையின் கண்ணீரைத் துடைக்க வேண்டியவராயிருக்கின்றார். இது பெருநகரப் பாடசாலைக்கும் பொதுவான குறையாகலாம். தீவகத்துக்கே சிறப்பாக உரிய இடர்கள் இரண்டு.

ஒன்று படகு. யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்கு வரும் ஆசிரியர் பண்ணைப் பாலம் கடந்து, குறிகட்டுவானில் படகேறி, ஏறத்தாழ ஒரு மணிநேரம் அலையிற் குலுங்கி வந்து சேர்கின்றார். சோளகம் பெயர்ந்தாற் கடல் விடாது. பாடசாலை முடிந்த கணமே திரும்பும் படகு நினைவில் நிற்கும். அவரைக் குற்றஞ் சொல்வதற்கில்லை. ஆயின் பிள்ளைகள் உள்ளந்திறக்கும் வேளை பாடவேளையன்று. மணியடித்து ஏனையோர் கலைந்தபின், புத்தகத்தை அடுக்குவது போற் காலந்தாழ்த்தி நிற்கும் ஒரு பிள்ளையிடமே சொல்வதற்கு ஏதோ உண்டு. அவ்வேளை ஆசிரியர் துறைமுகத்தில் நிற்கின்றார்.

மற்றது உறவு. உள்ளூரிலேயே வாழும் ஆசிரியர்க்குப் படகுத் தொல்லை இல்லை. ஆனால் அவர் பிள்ளைக்குச் சித்தப்பாவாகவோ மாமியாகவோ இருப்பர். சிறு தீவில் எழுதுவினைஞரும் கடைக்காரரும் கோயில் மணியகாரரும் ஒருவர்க்கொருவர் இனத்தவர். தன் வீட்டில் தந்தை குடித்துவிட்டுத் தாயை அடிப்பதை ஒரு சிறுமி தன் மாமியிடம் எங்ஙனங் கூறுவாள்? கூறினும் மாலைக்குள் அது கிணற்றடிப் பேச்சாகிவிடும் என்பதை அவள் அறிவாள். ஈண்டு உறவில்லாத ஒருவரின் அயன்மையே மருந்தாகின்றது. கேட்டதைத் தன்னுள் வைத்திருத்தல் அவர் தொழிலின் அறம். பிள்ளைக்குத் தீங்கு நேருமிடத்து மட்டும் அதனை மறைத்தல் தகாது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையும் அதன் 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் அதற்கென உள்ளன. எதனைக் காப்பது, எதனை அறிவிப்பது என்று பகுத்தறிதல் பயிற்சியால் வருவது. நல்லெண்ணத்தால் மட்டும் வருவதன்று.

எம் போன்ற பயிற்றப்பட்ட ஆசிரியர்க்கு ஆசிரியர் கலாசாலையிற் கல்வி உளவியல் ஒரு பாடமாக இருந்தது. பாவ்லோவின் நாய் மணியோசைக்கு உமிழ்நீர் சொரிந்ததையும், தோண்டைக்கின் பூனை கூண்டைத் திறந்ததையும் எழுதிப் புள்ளி பெற்றோம். வகுப்பில் விம்மும் பிள்ளையை அணுகுமாறு எங்ஙனம் என்று எவ்வினாத்தாளும் வினவிற்றில்லை. இவ்வகையில் அந்நாயையும் பூனையையும் விடத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எமக்கு உதவிற்று என்றாற் சிலர் நகைப்பர். உள்ளத்து நிகழ்வது உடலிற் புலப்படும் என்றும், அழுகையும் அச்சமும் வெகுளியும் இன்ன நிலைக்களங்களிற் பிறக்கும் என்றும் காட்டும் அவ்வியல், கண்ணீரில்லாத அழுகையைக் காணும் பழக்கத்தைத் தமிழாசிரியர்க்கு ஓரளவு தந்திருத்தல் வேண்டும். ஆசிரியர் காணலாம், கண்டதனை ஆராய்ந்து தீர்வு சொல்ல மற்றொருவர் வேண்டும்.

இத்துறைக்கு நம்மவரிடையுள்ள பெருந்தடை பணமன்று. 'விசர்' என்னும் ஒரு சொல். உளவியலாளரிடம் சென்ற பிள்ளைக்கு அப்பெயர் ஒட்டிவிடும், நாளைத் திருமணப் பேச்சிலும் அது எழும் என்று தாய்மார் அஞ்சுகின்றனர். 'அங்கொடைக்கு அனுப்ப வேண்டியவன்' என்று வகுப்பிலே நகையாடும் வழக்கும் இன்னும் ஒழிந்திலது. அதனை ஆசிரியர் வாயிலும் கேட்கின்றோம். உளவியலாளர் வேறு, உளமருத்துவர் வேறு என்பதனைப் பெற்றோர்க்கு விளக்கல் வேண்டும். முன்னவர் மருந்து கொடுப்பவரல்லர். எழுத்துகள் இடம்மாறித் தோன்றும் பிள்ளையையும், காது மந்தமானதைச் சோம்பலெனப் பழிக்கப்பட்ட பிள்ளையையும், துயரால் வாடும் பிள்ளையையும் வேறு பிரித்தறிந்து, ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் வழிகாட்டி, மருந்து வேண்டுவோரை மட்டும் யாழ்ப்பாணத்துக்கோ தெல்லிப்பழை மருத்துவமனையின் உளமருத்துவப் பிரிவுக்கோ அனுப்புபவர். நயினை நாகபூசணி அம்மனிடம் நேர்த்தி வைத்து நூல் கட்டிவரும் தாயை நகைக்காதவராகவும் அவர் இருத்தல் வேண்டும். அந்நூல் அத்தாயின் உள்ளத்தைத் தாங்குகின்றது. தாங்கப்பட்ட தாய் பிள்ளையைத் தாங்குவாள்.

வந்துபோவோர் வேண்டா என்பதையும் வெளிப்படக் கூறுகின்றோம். போர் ஓய்ந்த பின்னர்ப் படிவமும் கையுமாக வந்தோர் பலர். பிள்ளைகளைப் படம் வரையச் செய்து, இழந்தோர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு சென்றனர். திரும்பி வந்தவர் சிலரே. திறந்த புண்ணை மூடாது செல்லல் மருத்துவமாகாது. மூன்றாண்டுக்கேனும் நிலைத்திருக்கும் ஒருவரே நமக்கு வேண்டியவர்.

அரசு அப்பதவியைத் தரும்வரை காத்திருத்தல் ஒருவழி. மற்றொரு வழி இம்மலரைக் கையிலேந்தியிருப்போரிடம் உள்ளது. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் நம் பழைய மாணவர் மண்டபமும் மதிலும் முகப்பு வளைவும் அமைத்துத் தந்தனர். அவற்றிற் பெயர் பொறித்த கற்களும் உள. ஒரு மனிதரின் மாதச் சம்பளத்திற் பெயர் பொறிக்க இடமில்லை என்பது உண்மையே. ஆயினும் தீவகப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் பல ஒன்றுகூடின் ஒருவரின் ஊதியமும் படகுச் செலவும் எச்சங்கத்துக்கும் பாரமாகா. வலயக் கல்வி அலுவலகத்தின் இசைவு பெற்று அதன் நெறிப்படுத்தலில் அவர் பணிபுரியலாம். பாடசாலைதோறும் அதிபர் அறையை ஒட்டாத, கதவுள்ள ஓர் அறை வேண்டும். புத்தகசாலையின் ஒரு மூலையை மறைத்தாலும் போதும். நெடுந்தீவுக்குச் செல்லும் வாரத்தில் இரண்டு இரவேனும் அங்கேயே தங்குமாறு ஆசிரியர் விடுதியில் இடம் ஒதுக்கல் இன்றியமையாதது. நம் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இத்திட்டத்தை முன்மொழியக் கருதியுள்ளோம். ஏனைய தீவகச் சங்கங்களுக்கும் அதன் படியொன்றை அனுப்புமாறு செயலாளரை வேண்டியுள்ளோம்.