செவ்விளக்கும் இரவு வேட்டையும்

இங்கிலாந்து தேசத்துப் பண்ணைகளில் தானியத்தைப் பாழாக்கும் எலிகளைக் காற்றுத் துப்பாக்கியால் இரவிற் சுடுவோர், மலிவான டார்ச் விளக்கொன்றைச் சிவப்பாக்கித் துப்பாக்கியின்மேற் பொருத்துவதுண்டு. எலியின் கண் செவ்வொளியை மிகச் சொற்பமாகவே உணருமாதலின், அது வெருண்டோடாது. கருத்து நன்றே, செய்யும் வகையிற்றான் பிழை நேர்கின்றது. வெள்ளை விளக்கின் முகப்பிற் சிவப்புத் தாளை ஒட்டுவதே பலர் வழக்கம். வெள்ளை எல்.இ.டி. ஒளியிலோ செந்நிறப் பகுதி குறைவு; தாள் மற்றதை விழுங்கிவிட, எஞ்சுவது மங்கிய வெளிச்சமே. சிவப்பு எல்.இ.டி.யையே மாற்றிப் பொருத்துதல் தக்கது. அதற்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும். வெள்ளைக்கோ 3 வோல்ட் வேண்டும். ஆகவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாது மாற்றினால் அது சூடேறிக் கெடும்.

மங்கிய ஒளியை யான் மறுப்பது வேட்டை வாய்க்காதென்றன்று. அங்கே உரிமமின்றி வைத்திருக்கத்தக்க காற்று ரைபிளுக்கு 12 அடி-பவுண்டு ஆற்றலே வரம்பு. அச்சிறு குண்டு தலையிற் சரியாய்ப் பட்டாலன்றி உயிர் உடனே போகாது. குறி தவறிய எலி வளைக்குள் நெடுநேரம் துடிக்கும். செவ்வொளியில் நிறபேதமும் தோன்றாது. முள்ளெலிக் குட்டியும் எலிபோலவே காணப்படலாம். ஆதலால், துப்பாக்கி எட்டும் தூரமன்று, விளக்குத் தெளிவாய்க் காட்டும் தூரமே சுடுவோனுக்கு எல்லை. விளக்கைப் பொருத்தியபின் முதலில் இருளிற் காகிதக் குறியைச் சுட்டு, அஃது எத்தனை கஜமென்று அளந்துகொள்ளல் வேண்டும்.