பாதுகாப்பிடங்களில் விசாரணைச் சிறாரைத் தனியே தங்கவைக்கக் கோரும் மனு

பெறுநர்: துறைச் செயலாளர் அவர்கள்

கொடுங்குற்ற வழக்குச் சிறாருக்கான இல்லங்களாகிய பாதுகாப்பிடங்களில் பணியாற்றும் காப்பாளர்கள், ஆற்றுப்படுத்துநர்களின் சங்கம் இம்மனுவை அளிக்கிறது.

முன்பு கேட்டதையே சங்கம் மீண்டும் கேட்கிறது. முதல் மனு ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். அடுத்ததற்கு நிதியில்லை என்று பதில் வந்தது. அதன்பின் அனுப்பியவற்றுக்குப் பதிலே இல்லை.

இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 49-ஆம் பிரிவு மாநிலத்துக்கு ஒரு பாதுகாப்பிடமாவது வேண்டும் என்கிறது. விசாரணையில் இருப்பவர்களுக்கும் குற்றம் உறுதியானவர்களுக்கும் அங்கே தனித்தனி ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அதன் 2-ஆம் உட்பிரிவு. இதற்கு விலக்கு எதுவும் தரப்படவில்லை.

நடப்பது வேறு. குற்றமே செய்யாதவனாகவும் இருக்கக்கூடிய 16 வயதுப் பையன், தீர்ப்பான 20 வயதுக்காரனோடு ஒரே கூடத்தில் படுக்கிறான். பகலில் ஆற்றுப்படுத்துநரிடம் என்ன பேசினான் என்று இரவில் மிரட்டிக் கேட்கிறார்கள். மறுநாள் அவன் வாய் திறப்பதில்லை. பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர், காலம் முடியுமுன் 21 வயதை எட்டினால், அவரிடம் மாற்றம் உண்டா என்று குழந்தைகள் நீதிமன்றம் 20-ஆம் பிரிவின்படி பார்க்கிறது. விடுதலையா, மீதிக் காலம் சிறையா என்பது அதைப் பொறுத்தது. பயந்தே காலம் தள்ளியவரைப் பற்றி ஊழியர்கள் எதை எழுதுவது?

மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் 50 பேருக்கு, 25 பேர் வீதம் தங்க, 1000 சதுர அடியில் இரண்டு கூடங்கள் கேட்கின்றன. இரண்டு கூடம் இருந்தாலே பிரித்துவிடலாம்.

காவலைவிட ஆற்றுப்படுத்தலே பலன் தரும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1995-இல் மெண்டோட்டா சிறார் சிகிச்சை மையத்தைத் தொடங்கியது. மற்ற இல்லங்களில் கட்டுக்கடங்காத சிறாரே அங்கே அனுப்பப்படுகிறார்கள். மனநல மருத்துவமனை வளாகத்தில், காவலர்களைவிட உளவியலாளர்களின் கை ஓங்கியிருக்கும் இடம் அது. அங்கே சிகிச்சை பெற்றவர்கள், பெறாதவர்களைவிடக் குறைவாகவே வன்முறைக்குத் திரும்பியதாக ஆய்வுகள் காட்டின.

செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் 2022 இறுதியில் 17 வயதுச் சிறுவன் இறந்தான், அவனைத் தாக்கியதாக ஊழியர்கள் கைதானார்கள். அதை இச்சங்கம் நியாயப்படுத்தாது. பயிற்சியில்லாமல், கலந்துகட்டிய கூடத்துக்குள் ஆளை விட்டால் கைதான் ஓங்கும் என்பதையே எல்லா மனுக்களிலும் எழுதியது. இத்தகைய இல்லங்களை ஆராய 2023-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையும் அரசிடம் இருக்கிறது.

மேலும், இரவுப் பணிப்படி உயர்த்தப்பட வேண்டும். பழுதான கண்காணிப்புக் கேமராக்கள் சரிசெய்யப்பட வேண்டும். தொழிற்பயிற்சிக் கருவிகள் வழங்கப்பட வேண்டும்.

முதற்கோரிக்கைக்கான பதிலை, கூடம் பிரிக்கப்படும் தேதியுடன், எழுத்துமூலம் தருமாறு சங்கம் வேண்டுகிறது.

செயலாளர்