சொல்லிட்டுப் போங்க பாஸ்!

'127 ஹவர்ஸ்' படத்தை ஏ.ஆர். ரஹ்மான் இசைக்காகவே பார்த்தவங்க நம்மில் நிறைய பேர் இருப்பீங்க. படம் முடிஞ்சதும் எல்லாரும் பேசுறது கையை அறுக்கிற அந்த ஒரு காட்சியைப் பத்திதான். "என்னா வில்பவர்டா!" என்போம். எனக்கு உறுத்துறது வேற விஷயம்.

அது நிஜக் கதை. ஆரன் ரால்ஸ்டன் நம்ம இனம்தான், மெக்கானிக்கல் என்ஜினியர். 2003 ஏப்ரல் 26, சனிக்கிழமை, அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாலைவனத்தில் புளூஜான் கேன்யனுக்குள் தனியாக இறங்கினார். இந்த மாதிரி இடத்தை 'ஸ்லாட் கேன்யன்' என்பார்கள். மணற்பாறையை வெள்ளம் காலங்காலமாக அறுத்து உண்டாக்கிய இடுக்கு. ரெண்டு கையையும் விரிச்சா ரெண்டு சுவரும் தட்டும். மேலே வானம் ஒரு ரிப்பன் மாதிரி தெரியும்.

இறங்கும்போது சுமார் 360 கிலோ எடையுள்ள பாறை நகர்ந்து, அவர் வலது கையைச் சுவரோடு நசுக்கியது. மனுஷன் சும்மா இருக்கலை. கத்தியால் பாறையைச் செதுக்கினார். கயிற்றை வெச்சு கப்பி மாதிரி கட்டி இழுத்தார். மெக்கானிக்ஸ் பேப்பர் எழுதின உங்களுக்கே தெரியும், உராய்வு பாதி விசையைத் தின்னுடும். பாறை அசையலை. கடைசியில் எலும்பை முறித்து, மழுங்கிய கத்தியால் கையை அறுத்து, மே 1 அன்று வெளியே வந்தார். அதுக்கப்புறமும் சுமார் 20 மீட்டர் செங்குத்துப் பாறையில் ஒத்தக் கையோடு கயிற்றில் இறங்கி, மைல்கணக்கில் நடந்தார்.

அஞ்சு நாளா ஏன் யாரும் வரலை? எங்கே போறேன்னு அவர் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. வேலைக்கு வரலையேன்னு கவனிச்ச பிறகுதான் தேடலே தொடங்கியது. ரெண்டு வரி எழுதி வெச்சிருந்தா அது முன்னாடியே தொடங்கியிருக்கும்.

"எல்லாத்தையும் சொல்லிட்டுப் போனா அதுல என்ன அட்வென்ச்சர்?"னு கேப்பீங்க. சரி, இதைப் பாருங்க. 1997 ஆகஸ்ட் 12, அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் திடீர் வெள்ளம் வந்து 11 பேர் இறந்தார்கள். மழை பெய்தது பல மைல் தள்ளி. வெறும் பாறை நிலம் தண்ணீரைக் குடிக்காது, மொத்தத்தையும் இடுக்குக்குள் தள்ளிவிடும். அங்கே உங்க வில்பவர் என்ன செய்யும்? இன்னைக்கு வழிகாட்டி இல்லாமல் அந்தக் கேன்யனுக்குள் போக முடியாது. அதனால் அதன் அழகு குறைஞ்சிடலை.

ஒரு பார்ட் போனா மொத்த மெஷினும் போயிடும் என்ற டிசைனை ரிவ்யூவில் பாஸ் பண்ணுவீங்களா? யாருக்கும் தெரியாம தனியா கிளம்புறது அப்படி ஒரு டிசைன்தான். வீட்டுல "ஹாஸ்டல்லதான் இருக்கேன்"னு சொல்லிட்டு பைக்கை எடுக்கிற நம்ம ஆளுங்களும் இதுல சேர்த்தி.

போக வேண்டாம்னு சொல்லலை, தாராளமா போங்க. எங்கே, எந்த வழி, யாரோட, எப்போ திரும்புவேன், அதுக்குள்ள வரலைன்னா யாரைக் கூப்பிடணும். இந்த அஞ்சையும் ஒரு மெசேஜ்ல போட ஒரு நிமிஷம் ஆகாது. அம்மாகிட்ட சொல்ல பயமா இருந்தா ரூம்மேட்கிட்டயாவது சொல்லுங்க.

ரால்ஸ்டன் அதுக்கப்புறமும் மலை ஏறுறதை விடலை. ஆனா எங்கே போறேன்னு எழுதி வெச்சிட்டுத்தான் கிளம்புறார். படத்தோட கடைசியில் எழுத்தில் போடுவாங்க. நாமதான் அதுக்குள்ள எழுந்து போயிடுறோம்.